காசும் கேஷும்

"இங்கிலீஷ் 'கேஷ்' நம்ம 'காசு'ல இருந்து போனதாம் அண்ணே, வாட்ஸ்அப்பில் வந்திருக்கு." ஓமானின் ரூவி ஹை ஸ்ட்ரீட்டில் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு வந்த தம்பி, கரக் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

பாதி உண்மை, தம்பி. அதனால்தான் அந்தச் செய்தி சாகாமல் சுற்றுகிறது. ஆங்கிலத்தில் 'கேஷ்' இரண்டு உண்டு. நீங்கள் இப்போது கவுன்டரில் கட்டியது, பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது; வேர் லத்தீன் 'காப்சா'. முதலில் பணப்பெட்டிக்குப் பெயர், பிறகு உள்ளே இருந்த பணத்துக்கு. இன்னொரு 'கேஷ்' நம்முடையதேதான். காசைப் போர்த்துக்கீசியர் 'கைஷா' என்றார்கள், ஆங்கிலேயர் 'கேஷ்' ஆக்கினார்கள். மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சீனாவின் ஓட்டைக் காசுக்கும் ஐரோப்பியர் இந்தப் பெயரையே வைத்தார்கள்.

"அப்ப தமிழ்ப் பெருமைக்காக ஊர்ப்பேரை மாத்துறதும் தப்பா?"

அது வேறு வழக்கு. 1996இல் மெட்ராஸ் சென்னை ஆனது. வேண்டும், வேண்டாம் என்று வாதாடலாம். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதற்கோ பழைய ஏட்டில் சாட்சி வேண்டும், ஓட்டெடுப்பு செல்லாது. ஆனால் பெயர் மாற்றத்திலும் அவசரம் ஆகாது. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வந்தது. வேலூருக்குக் கொடுத்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'வீலூர்'! சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இந்தப் பக்கம் கடலுக்கே தகராறு. ஈரானுக்கு அது பாரசீக வளைகுடா, அரபு நாடுகளுக்கு அரபு வளைகுடா. பதக்கத்தில் எந்தப் பெயரைப் பொறிப்பது என்ற சண்டையில், 2010இல் ஈரானில் நடக்கவிருந்த இஸ்லாமிய ஒருமைப்பாட்டு விளையாட்டுப் போட்டியே ரத்தானது. நாம் 'கல்ஃப்' என்று சொல்லி நழுவிவிடுகிறோம்.

பெருமைக்குச் சொல் வேண்டுமானால் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஓமானியர் சொல்லும் 'பைசா' இந்தியாவிலிருந்து வந்ததுதான். நமது ரிசர்வ் வங்கி வெளியிட்ட வளைகுடா ரூபாய் 1970 வரை இங்கே ஓடியது.

"ரியால்?"

ஸ்பானிய 'ரெயால்'. அரசருக்கு உரியது என்று பொருள்.

தம்பி கொஞ்சம் யோசித்தார். "'அரிய ஆள்'னு இருந்திருக்குமோ அண்ணே?"