பெற்றோல் செல்லும் வழியும் காற்றின் வழியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவில் மரஞ்செடிகளிடையே நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிக் கேள்விப்படாதார் நம்மவருள் இலர். பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கென இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே எழுப்பப்பட்டவை அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரில் 9ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது தாங்கியொன்று தீக்கிரையாயிற்று. எஞ்சியிருந்த 99 தாங்கிகளை யார் யார் ஆள்வது என்பது பற்றி 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்ததைப் பத்திரிகைகளில் யாவரும் படித்திருப்பர்.

அந்த அரசியல் இங்கே நமக்கு வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது இத்தகைய தாங்கிகளின் கூரையில் அமைந்திருக்கும் சிறியதொரு பொருளை. காற்று போய்வருவதற்கென அங்கே ஒரு வழி வைத்திருப்பார்கள். எண்ணெயை உள்ளே இறைக்கும்போது உள்ளிருந்த காற்று அதன் வழியே வெளியேறும்; எண்ணெயை வெளியே எடுக்கும்போது காற்று உட்புகும். அவ்வழி அடைபட்டிருக்கையில் எண்ணெயை எடுக்கத் தொடங்கினால், யானையும் அசைக்கவியலாத அவ்விரும்புத் தாங்கி, கையால் நசுக்கிய தகரப் பேணியைப் போல உள்நோக்கி ஒடுங்கிவிடும். வெளிக்காற்று ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் ஏறத்தாழ 15 இறாத்தல் நிறையுடன் அழுத்துவதே அதற்குக் காரணம்.

இதே விதிதான் நம் பாட்டனார் காலத்து மொறிஸ் மைனர் காரின் பொனற்றுக்கு அடியிலும் ஆட்சி செய்கின்றது. அங்குள்ள தாங்கி மிகச் சிறியது. காபுரேற்றரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிதவை அறை ஒரு தேநீர்க் கோப்பையில் பாதியளவு பெற்றோலும் கொள்ளாது. ஆயினும் அதற்கும் ஒரு மூச்சுவழி உண்டு. பெற்றோல் வரும் குழாயைப் பற்றிக் கவலைப்படாத கார்க்காரர் இல்லை. காற்று வரும் வழியை நினைத்துப் பார்ப்பவரோ அரியர். கார் வழியில் நிற்பதற்கும், சில வேளைகளில் எரிந்துபோவதற்கும் இம்மறதி இடம் தந்துவிடுகின்றது.

மாணவர்கள் இவ்வுண்மையை அடுக்களையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ரின்பால் பேணியில் ஒரேயொரு துளையிட்டுக் கவிழ்த்தால் பால் இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளையிட்ட மாத்திரத்தே ஒழுகும். நம் தாய்மார் இதை எந்தப் பௌதிகப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் இரண்டாவது துளையை ஒருபோதும் மறந்ததில்லை. முன்னாளில் கண்ணாடிப் போத்தலில் சேலைன் ஏற்றும்போது தாதியர் காற்றுக்கென்று தனியே ஓர் ஊசியைக் குத்திவைப்பதும் இதனாலேயே. இன்றைய பிளாத்திக்குப் பை தானே சுருங்கிக் கொடுப்பதால் அவ்வூசி வேண்டாததாயிற்று.

இனி வண்டிக்கு வருவோம். மொறிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்டது. மொத்தம் 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை 1957இல் நம்மிடம் ஒப்படைத்துச் சென்றனர். அதன்பின், 1960களின் தொடக்கத்தில், வெளிநாட்டுச் செலாவணி முடையால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. புதியது வாங்க இயலாதவர்கள் பழையதைப் பேணக் கற்றுக்கொண்டார்கள். மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் தந்தையிடமிருந்து மகனுக்கும் பேரனுக்கும் கைமாறி இன்றளவும் ஓடுகின்றன என்றால், அது இந்த இறுக்கத்தின் கொடை எனலாம்.

மைனரின் பெற்றோல் தாங்கி பின்புறம், சாமான் அறைக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து காரின் அடிவயிற்றை ஒட்டி ஓர் உலோகக் குழாய் முன்னோக்கி வருகின்றது. இயந்திர அறையின் பின்சுவரில் பொருத்தப்பட்ட மின்சாரப் பம்பு பெற்றோலை இழுத்து, வளையக்கூடிய ஒரு குழாய் வழியாக மிதவை அறைக்கு அனுப்புகின்றது. அறை நிரம்பியதும் மிதவை எழுந்து, ஊசி வால்வை மூடிவிடும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து செய்யும் அதே வேலைதான்.

காபுரேற்றர் 'எஸ்.யு.' என்னும் வகையைச் சேர்ந்தது. அப்பெயர் அதனை ஆக்கிய ஸ்கின்னர் சகோதரரின் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் காலணி வணிகம் செய்த குடும்பத்தினர். அதனாலோ என்னவோ, அவர்களுடைய முதற் காபுரேற்றரில் காற்றுக்கு ஏற்ப ஏறியிறங்கும் உறுப்பைத் தோலினால் ஒரு துருத்தி போல அமைத்தார்கள்! பின்னர் அது உலோகமாயிற்று.

இயந்திரம் காற்றை உறிஞ்சும்போது காபுரேற்றரின் குறுகிய கழுத்தில் அமுக்கம் குறைகின்றது. அவ்விடத்திலுள்ள துவாரத்தின் வாய்க்குச் சற்றே கீழ் மட்டத்தில் மிதவை அறையின் பெற்றோல் நிற்கிறது. பெற்றோல் உறிஞ்சப்படுவதாக நாம் சொல்வது வழக்கம். உண்மையில் மூச்சுவழியே வந்து மிதவை அறையில் நிற்கும் வெளிக்காற்றுத்தான் அதைத் தள்ளிக்கொடுக்கின்றது. தள்ளுபவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினால் வேலை நடக்குமா?

கதவைச் சாத்துவோர் பலர். அவர்களுள் முதல்வர் குளவியார். மண்கூடு கட்டும் குளவிக்குச் சிறு குழாயின் வாயைப் போலப் பிடித்தமான இடம் வேறில்லை. அடுத்தது கடற்காற்று: உட்துறைமுக வீதியிலும் டச்சுக்குடாப் பக்கத்திலும் ஆண்டு முழுதும் நிற்கும் வண்டியின் இரும்புக் குழாய்கள் உப்பரித்துத் துருப்பிடித்து, உதிர்ந்த துரு நுண்துளைகளை அடைக்கும். மூன்றாவது, வர்ணம் பூசுகிறவரின் தூரிகை.

பெற்றோல் தாங்கியின் மூடியிலும் காற்றுக்கு ஒரு துளை உண்டு. அது அடைபட்டால் கார் சில கட்டை தூரம் நன்றாக ஓடி, இருமி, நின்றுவிடும். சிறிது நேரம் சென்றபின், யாதொன்றும் நடவாதது போல மறுபடி ஓடும். பம்பு பழுது, கொயில் பழுது என்று பணம் செலவழிக்குமுன் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்ற ஒலியுடன் காற்று உட்புகுமாயின் நோய் அதுவே. ஒரு குண்டூசி போதும், மருந்துக்கு.

மிதவை அறையின் மூச்சுவழி இன்னுமொரு கடமையையும் சுமந்திருக்கிறது. ஊசி வால்வில் ஒரு மணல் அளவு தூசி சிக்கினால் வால்வு மூடாது. பழைய பித்தளை மிதவையில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்தால் அது பெற்றோல் குடித்து அமிழ்ந்துபோகும். இரு நிலையிலும் பம்பு ஓயாமல் தள்ளும். அறை நிரம்பி வழியும். வழிவதை மேலிருந்து வாங்கிக் கீழே தரைக்குக் கொண்டுசெல்லும் ஒரு மெல்லிய குழாயைக் காரை உருவாக்கியவர்கள் வைத்திருக்கிறார்கள். மைனரில் காபுரேற்றர் எங்கே இருக்கிறது என்று பொனற்றைத் திறந்து பாருங்கள்: கொதிக்கக் கொதிக்கப் புகையை வெளியேற்றும் எக்சோஸ்டுக்கு நேர்மேலே! அந்த மெல்லிய குழாய் இல்லையென்றால் வழியும் பெற்றோல் எங்கே விழும் என்று சொல்லவும் வேண்டுமோ?

அந்தக் குழாயோ, பழுதுபார்க்கும்போது கழற்றப்பட்டு, "இது எதற்கு?" என்று ஒரு மூலையில் போடப்பட்டு, மறுபடி பூட்டப்படாமலே விடப்படுகின்ற உறுப்புகளில் முதன்மையானது. அது இல்லாமலும் கார் ஓடும். ஆகவே எவரும் தேடுவதில்லை. பெற்றோலின் ஆவி காற்றினும் மும்மடங்குக்கு மேல் பாரமானது. பள்ளத்தில் தேங்கி நிற்கும். சுழியத்துக்குக் கீழே 40 பாகை அளவான குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை அது வெளியிடும். நம் ஊரின் கச்சான் காற்று வீசும் மாதங்களைப் பற்றிக் கேட்பானேன்? பின் ஆசனத்தில் பிள்ளைகளை இருத்திக்கொண்டு கோணேசர் கோயிலுக்கோ கன்னியாவுக்கோ புறப்படும் குடும்பத்துக்கும் அந்தத் தீக்கும் இடையில் நிற்பது ஒரு தகரச் சுவரே.

சிலர் பெற்றோல் மணக்கிறது என்று அக்குழாயின் வாயைத் தக்கையால் அடைப்பார்கள். வேறு சிலர் அதன் முனையை மூடிய போத்தல் ஒன்றுக்குள் விடுவார்கள். இரண்டும் ஒன்றே. இன்னொரு விபரீதமும் உண்டு. சில மாதிரிகளில் மிதவை அறையின் மூடி மீது ஒரே தோற்றமுள்ள இரு முனைகள் இருக்கும். ஒன்று பெற்றோலுக்கு, மற்றது காற்றுக்கு. இவற்றை மாற்றிப் பூட்டினால் பெற்றோல் ஊசி வால்வைக் கடவாமல் நேரே அறைக்குள் பாயும். எந்த மிதவையாலும் அதைத் தடுக்க முடியாது.

காற்றுவழியையும் எரிபொருள் வழியையும் நம்மவர் எவ்வளவு கூர்மையாக அறிந்திருந்தனர் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. புதிய கார்கள் முடங்கின. பழைய 'ஏ40' ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரம் அதில் உயிர்பெறாது. ஆதலால் சிறு போத்தலில் பொன்போலக் காத்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றரில் விட்டு, இயந்திரத்தை முடுக்கிச் சூடேறச் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். அப்பழைய இயந்திரங்கள் கலவையை நெருக்கும் அளவு ஏழுக்கு ஒன்றை அண்டியதாக இருந்தமையால் அத்தாழ்ந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. புகை கண்ணைக் கரித்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. ஆயினும் நோயாளரும் மணமக்களும் அவற்றிலேயே பயணம் செய்தனர்.

இதே முறையை இங்கிலாந்தின் பெர்குசன் உழவு இயந்திரங்கள் சில முன்பே கொண்டிருந்தன. பெற்றோலுக்கு ஒரு சிறு தாங்கி, மண்ணெண்ணெய் வகைக்கு ஒரு பெருந்தாங்கி, இடையில் திருப்பிவிட ஒரு குழாய்மூடி என்று தொழிற்சாலையிலேயே அமைத்துக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளுக்கு அத்தொழிற்சாலை இல்லை. போத்தலும் குழாய்த் துண்டும்தான் இருந்தன. இன்று அந்த அவசர இணைப்புகளை எந்தக் காரிலாவது கண்டால் அவற்றைப் போற்றலாம்; ஆனால் கழற்றிவிடவும் வேண்டும். மண்ணெண்ணெய்க்குப் பொறுத்த குழாயைப் பெற்றோலுக்கு நம்புவது அறிவுடைமை அன்று.

றப்பர் குழாய்களைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பழைய குழாய்களின் மேல் பின்னல் உறை இருப்பதால் உள்ளே வெடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. விரலால் வளைத்தும் முகர்ந்தும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2021 செப்டெம்பர் முதல் சாதாரணப் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கிறார்கள்; இந்தியாவில் 20 வீதம் வரை சென்றுவிட்டார்கள். எதனோல் பழைய வகை றப்பரை அரிப்பதால் அதைத் தாங்கும் குழாய்கள் விற்பனைக்கு வந்துள்ளன. குழாயின் மேல் 'ஆர் 9' என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குவது நலம். மீன்தொட்டிக்கு விற்கும் தெளிந்த பிளாத்திக்குக் குழாய் விலை மலிவுதான். சூட்டில் இளகி, பின் கல்லாய் இறுகி, முனையிலிருந்து நழுவிவிடும். உலோகக் குழாய்க்குப் பதிலாக முழுதும் செப்புக்குழாய் போடுவோரும் உண்டு. அதிரும் இடத்தில் செம்பு இறுகி முறியும். கம்பியைப் பலமுறை மடக்கி ஒடிப்பது போலத்தான். ஆகவேதான் அசையாத உடலுக்கும் அதிரும் இயந்திரத்துக்கும் நடுவே வளையும் குழாய் வைக்கப்பட்டது. எட்டு மில்லிமீற்றர் முனைக்கு எட்டு மில்லிமீற்றர் குழாயே வேண்டும். பெரியதைக் கிளிப்பால் இறுக்கிச் சரிக்கட்டுதல் கூடாது.

2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்ட நாட்களில் மாதக்கணக்காக அசையாது கிடந்த கார்கள் பல. அவ்வாறு நிற்கும் பெற்றோல் ஆவியாகி, பிசின் போன்றதொரு வண்டலை மிதவை அறையில் விட்டுச்செல்லும். நெடுநாள் நின்ற காரை எடுப்பவர், முதலில் பற்றறியின் இணைப்பைக் கழற்றி, இயந்திரம் ஆறியிருப்பதை உறுதிசெய்து, மிதவை அறையைத் திறந்து துடைக்க வேண்டும். மூச்சுக்குழாயை ஊதிப் பார்த்து, அதன் கீழ்முனை எக்சோஸ்டைக் கடந்து திறந்தவாறே தரையை நோக்கி நிற்கிறதா என்று காண வேண்டும். அருகில் தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். தண்ணீர் வாளி பெற்றோல் தீயைப் பரப்பவே செய்யும்.

யாவும் பூட்டியபின் பற்றறியை இணைத்து, இயந்திரத்தை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்புக. பம்பு 'டிக் டிக்' என்று விரைந்து அடிக்கும். அறை நிரம்பியதும் ஓய்ந்துவிடும். ஓயாமல் விரைந்து அடித்துக்கொண்டேயிருந்தால் தாங்கி வெறுமை, அல்லது பம்புக்கு வரும் குழாயில் எங்கோ காற்று புகுகின்றது. ஓய்ந்தபின் சில வினாடிக்கு ஒரு தடவை ஒற்றை அடி கேட்டால் ஊசி வால்வு கசிகிறது. அல்லது இணைப்பு ஒன்று சொட்டுகிறது. உடனே சாவியை மூடி, ஈரம் எங்கே என்று தேடவேண்டும். முழு அமைதி நிலவினால் ஐந்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளைக் காகிதத் துண்டொன்றைப் பிடித்துப் பார்த்து, அது உலர்ந்தே இருப்பின் முடுக்கலாம்.