உறுதிக்கு உறுதி தருபவர் யார்?

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரு கருமங்களுள் கலியாணத்துக்கு நாம் காட்டும் எச்சரிக்கை பெரிது. பெண்ணுக்கு வரன் தேடும்போது குலம் கேட்கின்றோம், குணம் கேட்கின்றோம், சாதகத்தை ஒன்றுக்கு இரண்டு சோதிடரிடம் காட்டுகின்றோம். ஆனால், அதே பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கவென்று காணியொன்றை வாங்கும்போது, அக்காணியின் சாதகத்தைப் பார்க்கின்றோமா? பெரும்பாலும் இல்லை. தரகர் ஒருவர் வருகின்றார். கிணற்றுத் தண்ணீர் நல்லது, வீதிக்கு அண்மையது, கோவிலும் பாடசாலையும் கூப்பிடு தூரத்தில் உள்ளன என்கின்றார். நாமும் மனம் மகிழ்ந்து, அவர் காட்டிய நொத்தாரிசிடமே சென்று உறுதி முடித்து வருகின்றோம். ஓர் ஆயுட்காலச் சேமிப்பு அரை மணி நேரத்திலே கைமாறிவிடுகின்றது.

காணி எழுத்துக்கு ஈழத்துத் தமிழர் இட்ட பெயர் "உறுதி" என்பது. அழகிய பெயர்தான். ஆயினும், பெயரால் மட்டும் எழுத்து உறுதியாகிவிடாது. அதற்கு உறுதி தருபவர் ஒருவர் வேண்டும். அவரை எவ்வாறு தெரிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நொத்தாரிசு என்பவர் யார்?

நம் நாட்டிலே காணி விற்பனை வாய்ச்சொல்லால் நிறைவேறாது, கைமுறியாலும் நிறைவேறாது. 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்பனை எழுத்திலே இருத்தல் வேண்டும். விற்பவர், அனுமதி பெற்ற நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே வேளையிற் கூடியிருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடுதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் காணி கைமாறியதாகச் சட்டம் கொள்ளாது.

முன்னாளிலே ஊருக்கு ஊர் "பிறக்கிராசியும் நொத்தாரிசும்" என்ற பெயர்ப் பலகைகள் விளங்கின. அப்புக்காத்து, பிறக்கிராசி என்னும் வேற்றுமை 1973-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தால் நீங்கியது. 1974 முதல் இரு சாராரும் சட்டத்தரணிகளாயினர். ஆனால், சட்டத்தரணிகள் எல்லாரும் நொத்தாரிசுகள் அல்லர் என்பதை மறத்தலாகாது. நீதிமன்றத்திலே சொல்மாரி பொழியும் வழக்கறிஞர் காணி உறுதியிலே பழக்கமற்றவராக இருக்கலாம். மேடையேறிப் பேசவே கூசும் ஒருவர், உறுதி வாசிப்பதிலே பேராசானாக விளங்கலாம்.

நொத்தாரிசின் அனுமதி, இன்ன நீதி வலயம், இன்ன மொழி என்று வரையறுக்கப்பட்டது. ஆண்டுதோறும் மாவட்ட நீதிமன்றப் பதிவாளரிடம் அவர் சான்றிதழ் பெறவும் வேண்டும். ஆகவே, "ஐயா, இவ்வாண்டுச் சான்றிதழ் உண்டா? எந்த மொழியில் எழுதுவீர்கள்?" என்று பணிவுடன் கேட்பது அவரை அவமதிப்பதாகாது. நீங்கள் வாசிக்க இயலாத மொழியில் எழுதிய உறுதியை வாங்கிப் பெட்டியிலே பூட்டிவைப்பதினும், தமிழில் எழுதுவித்து ஒவ்வொரு வரியையும் வாசித்தறிவதே மேல்.

காணியின் சாதகம்

தேர்ந்த நொத்தாரிசின் முதல் வேலை எழுதுவதன்று, தேடுவது. 1907-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், காணி உறுதி எழுதுமுன் காணிப் பதிவகத்தின் ஏடுகளைத் தேடிப் பார்க்கும் கடமையை அவர்மேற் சுமத்தியது. ஆனால், அதே சட்டம் ஒரு வாயிலையும் திறந்துவைத்தது: தேடல் வேண்டாம் என்று உரியவர்கள் எழுத்திலே அதிகாரங் கொடுத்தால், அவர் தேடாமலே எழுதலாம். அவசரத்திலும் சிக்கனத்திலும் நம்மவர் பலர் இந்தச் சிறு வாக்கியத்தின் கீழ்க் கையொப்பமிட்டுவிடுகின்றனர். சில ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய்ப் பல இலட்சத்தைப் பணயம் வைப்பது இது. "தேடல் வேண்டாம்" என்னும் தாளை நீட்டுகின்ற நொத்தாரிசிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்; "தேடாமல் எழுதேன்" என்பவரிடம் அமர்ந்திருங்கள்.

தேடலிலே அவர் எவற்றைப் பார்ப்பார்? தாய் உறுதியிலிருந்து இன்றுவரை காணி எவர் எவர் கைகளில் வந்தது என்ற சங்கிலியைப் பார்ப்பார். குறைந்தது 30 ஆண்டுகளின் வரலாற்றை ஆராய்வது வழக்கம். ஈடு உண்டா, ஆயுள் உரித்து எவருக்கேனும் ஒதுக்கப்பட்டுள்ளதா, வழக்கு நிலுவையில் உள்ளதா என்பவற்றையும் பார்ப்பார். பாகப் பிரிவினை வழக்கொன்று பதிவகத்திலே பதியப்பட்டிருக்கும்போது, அவ்வழக்கு முடியுமுன் அக்காணியின் பங்கை விற்பது 1977-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி வெறுமையானது. தரகர் இதனை அறியார், அறிந்தாலும் உரையார்.

அவ்வூர் நொத்தாரிசு ஏன் நல்லவர்?

கொழும்பிலே பெரும் பெயரெடுத்த சட்டத்தரணி ஒருவர் உங்கள் உறவினராக இருக்கலாம். எனினும், வடபகுதிக் காணிக்கு அப்பகுதி நொத்தாரிசே தக்கவர் என்பதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் 1707-ஆம் ஆண்டளவிலே தொகுக்கப்பட்டு, 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயரும் ஏற்றுக்கொண்ட வழமைச் சட்டம் இது. இதன்படி ஓர் ஆதனம் முதிசமா, சீதனமா, தேடியதேட்டமா என்பதைப் பொறுத்து உரிமை வேறுபடும். கணவன் பெயரிலே உறுதி இருப்பினும், மணவாழ்க்கையிலே தேடிய தேட்டமாயின் மனைவிக்கும் அதில் உரிமை உண்டு. மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. அச்சம்மதமில்லாத பழைய உறுதியொன்று சங்கிலியின் நடுவே கிடந்தால், அதைக் கண்டுபிடிக்கும் கண் பழகிய கண்ணாக இருத்தல் வேண்டும்.

இன்னொன்று, முன்விலைக் கொள்வனவு உரிமை. பங்குக் காணியொன்றிலே தம் பங்கை ஒருவர் பிறருக்கு விற்க விரும்பினால், பங்காளிகளும் அவருடைய உரிமை வாரிசுகளும் முதலிலே கேட்டு வாங்குதற்கு உரியவர்கள். 1947-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்கச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்தியது. முறைப்படி அறிவித்தல் கொடாது வாங்கினால், வேலி கட்டி முடியுமுன் பங்காளி வழக்கோடு வந்து நிற்பார்.

இரண்டாவது, அளவும் எல்லையும். பரப்பு, குளி என்னும் அளவைகள் நம் உறுதிகளிலே இன்றும் வாழ்கின்றன. 16 பரப்பு ஓர் ஏக்கர்; ஒரு பரப்பு 10 பேர்ச். ஆனால், நெற்காணிப் பரப்போ 24 கொண்டது ஓர் ஏக்கர். இந்த வேற்றுமையை அறியாதவர் எழுதினால், காகிதத்திலே உள்ள நிலம் தரையிலே இராது. கிணற்றிலே எத்தனையிலொரு பங்கு, வழியும் வாய்க்காலும் எப்பக்கம், ஒழுங்கை பொதுவானதா தனியானதா என்பவற்றை ஊரறிந்தவரே நுணுகிக் கேட்பார். வீடு முழுவதும் உமதாகி, கிணறு மட்டும் அயலவனதாகுமாயின் அவ்வீட்டிலே குடியிருப்பது எங்ஙனம்?

மூன்றாவது, போரின் வடு. 1983 முதல் 2009 வரை எத்தனையோ குடும்பங்கள் உறுதிப் பெட்டியை விட்டுவிட்டு உயிரை மட்டும் காத்து ஓடின. உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, காணியிலே வேறொருவர் குடியிருக்கும் நிலை பல ஊர்களில் உண்டு. 1871-ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்து ஆண்டுகள் இடையூறின்றித் தன்னுரிமையாக ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோரலாம். போரினால் தம் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோர்க்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் குறித்து 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு ஏற்பாடு செய்தது. எனவே, காணியிலே இருப்பவர் யார், எந்நிலையில் இருக்கின்றார் என்று நேரிற் சென்று விசாரியாத நொத்தாரிசின் தேடல் பாதித் தேடலே.

வெளிநாட்டிலிருப்பவர் அற்றோர்னித் தத்துவம் கொடுத்து விற்பிப்பதும் இன்று மிகுதி. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் இறந்துவிடும். ஆகவே, கொடுத்தவர் உயிருடன் உள்ளாரா, தத்துவம் பதியப்பட்டதா, விற்கும் அதிகாரம் அதிலே தெளிவாக உள்ளதா என்று தொலைபேசியிலேனும் அவரோடு பேசித் தெளிவது நலம். வன்னிப் பகுதியிலே அரச அனுமதிப் பத்திரக் காணிகளும் அளிப்புக் காணிகளும் பல. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்ட அவற்றை, விற்பவர் சொல்லை மட்டும் நம்பி வாங்கலாகாது. பிரதேச செயலகத்திலே விசாரித்தல் வேண்டும்.

ஒருவரைத் தெரியும் முறை

விற்பவரின் நொத்தாரிசையோ தரகரின் நொத்தாரிசையோ அமர்த்தாதீர்கள். அவர் தீயவர் என்பதன்று கருத்து. ஒரு கண்ணால் இருவரின் நலனையும் பார்ப்பது அரிது. விலை கொடுப்பவர் நீங்கள். ஆதலின், ஆளைத் தெரியும் உரிமையும் உங்களுடையதே.

ஒருவரிடம் சென்றால் அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். பழைய உறுதிகள், நில அளவையாளரின் வரைபடம், சபையின் வரி மதிப்பீட்டு இடாப்பு, விற்பவரின் மண நிலை, பிள்ளைகள், பங்காளிகள் என்று கேட்டுக்கொண்டே போகின்றாரா? அவரே நல்லவர். "நாளைக்கே முடிக்கலாம்" என்பவரிலும், "பதிவகம் பார்த்துச் சொல்கிறேன்; அதுவரை முற்பணம் கொடாதீர்கள்" என்பவர் மேலானவர். கூலியையும் செலவையும் முன்னரே எழுதித் தரக் கேளுங்கள். விற்பனை உறுதிக்கு முத்திரை வரி, முதல் 100,000 ரூபாவுக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமுமாக வழங்கிவருகின்றது. 50 இலட்சம் ரூபாப் பெறுமதியான வீட்டுக்கு 3,000 உம் 196,000 உம் சேர்ந்து 199,000 ரூபா ஆகும். இதனைக் குறைக்கவென்று விலையைக் குறைத்தெழுத இசைபவர், நாளை வேறொருவருக்காக உங்களையும் வஞ்சிக்க இசைவார். அன்றியும், பின்னர் வழக்கு நேர்ந்து பணத்தை மீளக் கேட்பீராயின், உறுதியில் எழுதிய தொகையே உமக்குச் சாட்சி.

கையொப்பத்தின் பின்பும் ஒரு வேலை உண்டு. நொத்தாரிசு உறுதியின் இரட்டைப்படியை அடுத்த மாதம் 15-ஆந் தேதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் வேண்டும். இதுவே பதிவு என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. காணிக்குரிய ஏட்டிலே உறுதியைப் பதிவிப்பது வேறு. 1927-ஆம் ஆண்டின் 23-ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாத முந்திய உறுதியிலும், பெறுமதி கொடுத்து வாங்கிப் பதிந்த பிந்திய உறுதி முந்திக்கொள்ளும். மோசடியோ கூட்டுச் சதியோ இருந்தாலன்றி இவ்விதி மாறாது. ஒரே காணியை இருவருக்கு விற்கத் துணிந்தவனிடம் நீங்கள் முதலில் வாங்கியிருந்தும், இரண்டாமவர் அறியாமல் வாங்கி முதலிற் பதிந்தால் நீங்கள் தோற்கலாம். ஆகவே, "எந்நாளிற் பதிவுக்குக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டு, அந்நாளிலேயே பற்றுச்சீட்டைப் பெறுங்கள். ஆயினும், பதிவு குற்றமுள்ள உறுதியைக் குணமாக்கும் மருந்தன்று. விற்றவனுக்கு உரிமை இல்லையாயின், பதிந்தவனுக்கும் இல்லை. 1998-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், "பிம் சவிய" திட்டத்திலே சான்றிதழ் பெற்ற காணிகளின் நிலை வேறு. உங்கள் காணி அவ்வகையினதா என்பதையும் நொத்தாரிசே சொல்லவேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல்

பாடசாலையிலே பரப்பளவு கணிக்கக் கற்பிக்கின்றோம். வட்டி கணிக்கக் கற்பிக்கின்றோம். உறுதி வாசிக்கக் கற்பிக்கின்றோமில்லை. மாணவர்களே, வரும் விடுமுறையிலே உங்கள் வீட்டு உறுதியைப் பெற்றோரிடம் கேட்டு வாங்குங்கள். "கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு" என்னும் எல்லைகளை உரக்க வாசித்து, வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். எல்லையிலே குறித்த பெயருடையார் இன்றும் உளரா? கிணற்றுப் பங்கு எழுதப்பட்டுள்ளதா? பாட்டன் இறந்த பின் எழுதவேண்டிய உறுதி எழுதப்பட்டதா? விடை காணாத கேள்விகளை ஒரு தாளிலே குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தாளை எடுத்துக்கொண்டு தந்தையார் எந்த நொத்தாரிசிடம் செல்லவேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அக்கேள்விகளைக் கண்டு சலிப்படையாது, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்" என்று சொல்பவர் எவரோ, அவரிடமே உங்கள் வீட்டை நம்பி ஒப்படைக்கலாம்.