பக்கத்து வீட்டுக்குப் போகும் பலகாரம்

ஜொகூரின் கூலாய் மாவட்டத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது செடெனாக். ஜொகூரின் பல ஊர்களைப் போலவே தோட்டத்தை நம்பி வாழ்ந்த ஊர். கூலிம் மலேசியா குழுமத்தின் செம்பனை ஆலை செடெனாக் என்ற பெயரோடுதான் இயங்குகிறது. அதே மண்ணில் இப்போது செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா வந்து, தரவு மையங்கள் எழும்பி நிற்கின்றன. இடம் மாறியதோடு அக்கம்பக்கமும் மாறிவிட்டது. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில், தீபாவளிக்குப் பலகாரத் தட்டு போகிற வீடுகளில் பெரும்பாலானவை நம்முடைய வீடுகள்தான். அங்கும் முறுக்கு சுட்டிருப்பார்கள், இங்கும் சுட்டிருப்போம். தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு எடுத்துப்போனால் போதும். இப்போதைய தாமான் வீடுகளில் இடப்பக்கம் மலாய்க் குடும்பம், வலப்பக்கம் சீனக் குடும்பம், எதிரே வேலைக்காக வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் கையில் கொடுக்கிற டப்பா, நாம் வாசலை விட்டு நகர்ந்த பிறகும் நமக்காகப் பேச வேண்டியிருக்கிறது.

அதனால் பலகாரத்தைக் கட்டிக் கொடுப்பதையும் சமையலோடு சேர்த்தே வைக்கவேண்டும் என்பது என் கருத்து. அழகு வேண்டும், மறுக்கவே இல்லை. ஆனால் அந்தக் கட்டு முதலில் முறுக்கின் மொறுமொறுப்பைக் காப்பாற்ற வேண்டும். அடுத்து, வாங்கியவர் தயங்காமல் எடுத்து வாயில் போடும்படி இருக்க வேண்டும். ரிப்பன் எல்லாம் அதற்கு அப்புறம்.

நம் நாட்டில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க எண்பது விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அக்டோபரில் பிற்பகலானால் இடியும் மழையும், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. பலகார வேலை நடப்பதே இந்த ஈரத்தின் நடுவில்தான். நன்றாகப் பொரிந்த முறுக்கில் ஈரம் மிகக் குறைவு. சுற்றியுள்ள காற்றிலிருந்து அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். திறந்த தட்டில் ஒரு மழை மாலை முழுக்கக் கிடந்தால் போதும், கடிக்கும்போது சத்தம் போய்விடும். மலாய்க்காரர்கள் 'லெமாவ்' என்பார்கள், நாம் நமத்துப் போச்சு என்போம்.

இதைவிட அதிகம் பலகாரம் கெடுவது அவசரத்தால். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிகிறது, அலுப்பு, சட்டியிலிருந்து இறக்கிய கடைசி ஈடு இன்னும் சூடாக இருக்கிறது. அப்படியே பாலாங் ஜாடியில் போட்டு மூடியைத் திருகிவிட்டுப் படுத்துவிடுவோம். முறுக்கிலிருந்து கிளம்பும் ஆவி வெளியே போக வழியில்லாமல் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகப் படிகிறது. காலையில் அது திரும்ப முறுக்கின் மேலேயே சொட்டியிருக்கும். "ஆறட்டும்மா, சூட்டோட மூடினா வேர்த்துப்போயிடும்" என்று தோட்டத்துப் பாட்டிகள் விரட்டியது இதனால்தான். கம்பி வலைத் தட்டு இருந்தால் அதில் பரப்புங்கள். இல்லையென்றால் முறத்தில் எண்ணெய் உறிஞ்சும் காகிதம் விரித்துப் பரப்புங்கள். விரலால் தொட்டால் ஆறியதுபோலத் தெரியும்போதும் நடுவில் சூடு நிற்கும். ஒன்றை உடைத்து, உடைந்த இடத்தை உதட்டில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் சூடு தெரியாவிட்டால் அள்ளிப் போடலாம்.

எதில் போடுவது? சிவப்பு மூடி போட்ட, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாலாங் இன்று எல்லாப் பண்டிகைக்கும் பொதுவாகிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பளிச்சென்று தெரிவது அதன் பலம். அதே வெளிச்சம்தான் அதன் பலவீனமும். வெளிச்சமும் காற்றும் சேர்ந்தால் பொரித்த எண்ணெய் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். வாரக்கணக்கில் இருக்க வேண்டியதற்குத் தகர டின்னுக்கு ஈடு கிடையாது. பத்து பஹாட்டில் 1958இல் தொடங்கிய ஹப் செங் பிஸ்கட்டின் டின்கள் எத்தனை வீடுகளில் முறுக்கு டின்களாக மறுபிறவி எடுத்திருக்கின்றன! கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அடியிலும் பக்கத்திலும் எண்ணெய் ஊறாத வெண்ணெய்க் காகிதம் வைத்து, மேலே இன்னொரு தாள் மூடி, பிறகு டின் மூடி. பாலாங்தான் என்றால், வாய்மேல் ஒரு கண்ணாடித்தாள் வைத்துத் திருகி, மூடி ஓரத்தைச் சுற்றி செலோடேப் ஒட்டுங்கள். கடைக்காரர்கள் இதைச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. வாங்குகிறவருக்கும் இது யாரும் திறக்காத டப்பா என்ற நிம்மதி.

செய்தித்தாளில் நேரடியாகப் பலகாரம் வைப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். அச்சு மையில் உள்ளவை எண்ணெய்ப் பண்டத்தில் இறங்கும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே இதை எச்சரித்தது. பாக்கெட்டில் ஸ்டேப்ளர் பின் அடிப்பதும் வேண்டாம். பின் கழன்று ஓமப்பொடிக்குள் விழுந்தால் யாருக்குத் தெரியும்? குழந்தைகள் கைநிறைய அள்ளுகிற பண்டம் அது.

ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் அடுக்கினால் பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதிரசத்தையும் முறுக்கையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் கெடும். அதிரசத்தின் ஈரம் முறுக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். முறுக்கு மெத்தென்றாகும், அதிரசம் வறண்டுபோகும். கலந்து கொடுக்கத்தான் ஆசை என்றால் தனித்தனிச் சிறு பாக்கெட்டுகளாக ஒட்டி ஒரே பெட்டியில் வையுங்கள். நெய் உருண்டையைச் சின்னக் காகிதக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக உட்கார வைக்க வேண்டும். நெய் நம் வெயிலுக்கு இளகிவிடும். மதியம் காரில் வைத்துவிட்டு நான்கு வீடு சுற்றினால் உருண்டை உருண்டையாகத் திரும்பாது.

அச்சு முறுக்கு இதில் தனி ரகம். மலாய் வீட்டில் அது ஹரி ராயாவுக்கு குவே ரோஸ். சீன வீடுகளில் சீனப் புத்தாண்டுக்கும் அதே பலகாரத்தைச் சுடுகிறார்கள். பூ அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் இறக்கி உதறுகிற அந்தக் கைவேலை மூன்று அடுப்படிகளுக்கும் சொந்தம். அதனால் பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் உங்கள் அச்சு முறுக்கைத் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், நிச்சயம்! உடையாமல் போய்ச் சேருவதுதான் பாடு. பூவின் விட்டத்துக்குச் சரியாக உள்ள வட்ட டப்பா எடுங்கள். ஒவ்வொரு பூவுக்கும் இடையில் வட்டமாக வெட்டிய வெண்ணெய்க் காகிதம் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவையுங்கள். மேலே இடைவெளி இருந்தால் காகிதத்தைக் கசக்கி அடைத்துவிடுங்கள். ஆடுவதற்கு இடம் இருந்தால்தான் அது உடையும்.

இலையில் கட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தென்னங்குருத்தைப் பின்னி அரிசியை உள்ளே வைக்கும் கெத்துப்பாட்டை ராயாவுக்கு எல்லோரும் பார்த்திருப்போம். எனக்கு அதைவிட நெருக்கமானது தாப்பாய். புளிக்கவைத்த புளுட் அரிசியை ரப்பர் இலையில் மடித்துக் கட்டுவார்கள். நம் முன்னோர் விடியலில் பால் வெட்டிய அதே மரத்தின் இலை, அடுத்த வீட்டு விருந்துக்கு உறையாக வருகிறது. தமிழ்நாட்டில் செட்டிநாட்டு ஆச்சிமார்கள் பனை ஓலையில் கொட்டான் முடைந்து, சாயம் ஏற்றிய ஓலைகளால் கோலம் போட்டு, சடங்குகளில் அதில்தான் பண்டமும் பரிசும் வைத்துக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் கூடை வந்ததும் அந்தக் கை வேலை ஏறக்குறைய மறைந்தது. விசாலாட்சி ராமசாமி தலைமையில் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. இன்று செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மலாயாவில் வட்டித் தொழிலும் தோட்டமுமாக இருந்த செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளின் பண்டம் அது. நம் பண்டிகை மேசையில் அதைத் திரும்பக் கொண்டுவருவதில் எனக்கு ஆசை உண்டு.

பளபள காகிதத்தில் பரிசைச் சுற்றும் வழக்கத்துக்குத்தான் வயது குறைவு. 1917 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹால் சகோதரர்கள் கடையில் மெல்லிய காகிதம் தீர்ந்துபோக, உறைகளின் உள்பக்கம் ஒட்டும் அலங்காரத் தாளை எடுத்து விற்றார்கள், அது பிய்த்துக்கொண்டு போனது. அவர்களுடைய ஹால்மார்க் நிறுவனத்தின் பரிசுத்தாள் வியாபாரம் அங்கிருந்து வளர்ந்தது. ஒரே நாளில் கிழித்துக் குப்பையில் போடுகிற தாளுக்கு நாம் இவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா? மலேசியா 2018இல் அறிவித்த திட்டப்படி 2030க்குள் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும். பலகாரப் பையிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

ஜப்பானில் சதுரத் துணியில் பொருளை முடிந்து கொடுக்கும் ஃபுரோஷிகி பழக்கம் நூற்றாண்டுகளாக உண்டு. குப்பையைக் குறைக்க 2006இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே அதை நாடு முழுக்க மறுபடி பேசவைத்தார். நமக்குத் துணிப் பஞ்சமே இல்லை. பழைய பட்டுச் சேலையின் உடல் கிழிந்திருக்கும், கரை மட்டும் புதிதாக இருக்கும். இரண்டு அடி அகலத்தில் சதுரமாக வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். டப்பாவை நடுவில் குறுக்காக வையுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே கொண்டுவந்து ஒரு முடிச்சு, மற்ற இரண்டையும் அதன்மேல் இன்னொரு முடிச்சு. கரை மேலே வரும்படி வெட்டியிருந்தால் வேறு அலங்காரமே தேவைப்படாது. அந்த முடிச்சையே பிடித்துத் தூக்கிக்கொண்டும் போகலாம். துணி இல்லையென்றால் சாதாரண பிரவுன் பேப்பர் போதும். அதன்மேல் வெள்ளைப் பேனாவால் புள்ளிக் கோலம் போட்டு, வாழைநாரால் கட்டுங்கள். கோலத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் அவர்களுக்கும் ஒரு வேலையாகும். மல்லிகைச் சரத்தைக் கட்டின்மேல் சுற்றுவது கண்ணுக்கு அழகு. ஆனால் பூவின் ஈரம் காகிதத்தில் இறங்கும், அதனால் வாசலுக்குக் கிளம்பும்போது சுற்றுங்கள்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பார்த்துக் கட்ட வேண்டும். சீனக் குடும்பத்துக்கு வெறும் வெள்ளைத் தாள் துக்கத்தை நினைவூட்டும். சிவப்பும் பொன்னிறமும் நல்லது. நான்கு என்ற எண்ணைத் தவிர்ப்பார்கள், ஆகவே நான்கு பாக்கெட் வேண்டாம், இரண்டோ ஆறோ கொடுங்கள். மலாய்க் குடும்பத்துக்குச் சாமி படம் அச்சிட்ட பெட்டி தர்மசங்கடம். நமக்கும்கூட அது சங்கடம்தான். லட்சுமி படம் போட்ட பெட்டியைத் தின்று முடித்ததும் குப்பைத் தொட்டியில் போட யாருக்கு மனம் வரும்? மாவிலை, குத்துவிளக்கு, மயில் என்று போதிய அழகு நம்மிடம் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு சின்னச் சீட்டு. பெயர், சுட்ட தேதி, உள்ளே சேர்ந்தவை, இவ்வளவுதான், மலாயிலோ ஆங்கிலத்திலோ. 'அரிசி மாவு, உளுந்து மாவு, ஓமம், எள், செம்பனை எண்ணெய்' என்று படித்துவிட்டால் பக்கத்து வீட்டு மக்சிக் மனத்தில் கேள்வி எழாது. பிஸ்கட்டில் முட்டை, வெண்ணெய், நிலக்கடலை, முந்திரி இருந்தால் அதை எழுதாமல் விடக்கூடாது. சைவக்காரர்களுக்கும் கடலை ஒவ்வாதவர்களுக்கும் அது அவசியம். வீட்டிலிருந்து ஆர்டர் எடுத்து விற்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறைகள் லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. சான்றிதழ் வாங்காமல் விற்பனைப் பாக்கெட்டில் 'ஹலால்' என்று தாமாகவே எழுதிக்கொள்ளவும் முடியாது. சேர்மானத்தை நேர்மையாக எழுதினால் போதும், வாங்குகிறவர் முடிவெடுத்துக்கொள்வார்.

பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். 2004, 2005, 2006 என்று மூன்று ஆண்டுகள் தீபாவளியும் ஹரி ராயாவும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்தன. தீபராயா என்றே பேசினார்கள். அந்த நாட்களில் முறுக்கு போன பாலாங் கழுவக்கூட நேரமில்லாமல் குவேயோடு திரும்பி வந்தது. தூக்கி எறிய முடியாத நல்ல டின்னில் கொடுத்தால் இந்தப் போக்குவரத்து தானாக நடக்கும். பிளாஸ்டிக் பையில் கொடுத்தால் அது குப்பையில் முடிந்துவிடும். நல்ல டின்னுக்குக் கொஞ்சம் கூடச் செலவு செய்யச் சொல்வேன், அதுவும் திரும்பத் திரும்பச் சுற்றி வரும் பண்டம்தானே.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. கடந்த 2025 சனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டதால் சனிக்கிழமை காலை அக்கம்பக்கத்தார் பலரும் வீட்டில் இருப்பார்கள். கொடுத்து முடிக்க அதுவே நல்ல நேரம். முறுக்கும் ஓமப்பொடியும் இரண்டு வாரம் முன்னமே சுட்டு டின்னில் வைத்துவிடலாம். அதிரசத்தையும் அச்சு முறுக்கையும் கடைசி மூன்று நாட்களுக்கு ஒதுக்குங்கள். டின்களை மட்டும் இப்போதே கழுவிக் காயப்போட்டுவிடுங்கள். நவம்பர் பிறந்துவிட்டால் செடெனாக் பக்கம் வெயிலை நம்ப முடியாது.