தீர்ப்பு வரும்வரை

சில சொற்கள் பொருளைக் குறிக்கப் பிறந்து, மனிதனைக் குத்தப் பழகிவிடுகின்றன. 'கள்ளத்தோணி' அத்தகையதொரு சொல். ஆதியில் அது சுங்கத்துக்குத் தெரியாமல் இரவிற் கரையொதுங்கும் வள்ளத்தின் பெயர். பின்னர் அவ்வள்ளத்தில் வந்தவனின் பெயராயிற்று. அதன்பின்னர், வள்ளத்தையே கண்டிராமல், பாட்டன் காலத்தில் வந்து, தேயிலை மலையிற் பிறந்து, அங்கேயே மூத்துப்போனவனுக்கும் அதுவே பெயராயிற்று. சிங்களவர் மட்டும் அச்சொல்லை ஆண்டனர் என்று நாம் சொல்லிக்கொள்வது வசதி. யாழ்ப்பாணத்துச் சந்தைகளிலும், ஏன், எங்கள் பள்ளிக்கூடத்து முற்றத்திலுமே அச்சொல் தாராளமாகப் புழங்கியதை நான் கேட்டிருக்கிறேன்.

கீரிமலையில் வாழ்பவன் இச்சொல்லை எண்ணும்போது ஒரு வேடிக்கை தோன்றும். இவ்வூரின் பழங்கதை முழுவதுமே அக்கரையிலிருந்து வந்தவர்களின் கதை. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இத்தீர்த்தத்தில் ஆடி முகம் மாறப் பெற்றாள் என்பர்; மா விட்ட இடமே மாவிட்டபுரம் என்பர். காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறை. கீரி முகம் நீங்கிய நகுல முனிவரும் இவ்வூருக்கு வந்தவரேயன்றிப் பிறந்தவரல்லர். வதிவிட அனுமதிப் பத்திரம் எங்கே என்று இளவரசியை மறித்த உத்தியோகத்தர் எவரும் புராணத்தில் இடம்பெறவில்லை.

உத்தியோகத்தர் 1948க்குப் பின்னரே வருகிறார். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் இலங்கையிற் பிறந்ததை நிறுவக் கேட்டது. 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம், பிரசையல்லாதவன் இந்நாட்டில் நிற்க அனுமதி வேண்டும் என்றது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வாசல்போல 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கே வசித்ததைக் காட்டினால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்க ஈராண்டுத் தவணை. 1951 ஓகஸ்ட் மாதத்தோடு வாசல் மூடப்பட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் மனுக்கள் சென்றன. பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்த விசாரணைகளின் முடிவிற் பிரசைகளாய்ப் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

வரலாற்று நூல்கள் இத்தொகைகளைச் சொல்லி அப்பாற் போய்விடும். எனக்கோ, மனுக் கொடுத்த நாளுக்கும் முடிவு வந்த நாளுக்கும் இடையே கிடந்த அந்தப் பத்தாண்டே பெரிதாகத் தோன்றுகிறது. அக்காலத்தில் அம்மனிதன் யார்? அவன் பிரசையல்லன்; அந்நியன் என்று முடிந்துபோனவனுமல்லன். 'இடையறாத வாசம்' என்ற சொற்றொடருக்குச் சட்டம் ஓர் அளவு வைத்திருந்தது: ஒருமுறை நாட்டைவிட்டுப் போனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருக்கலாகாது. தங்கியிருந்தால் அதற்கு முன் வாழ்ந்த காலம் அறுந்துபோம். அறவில்லை என்று காட்டுவதற்குத் தோட்டத் தொழிலாளிக்காவது செக்றோல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த சவரத் தொழிலாளிக்கும், சாப்பாட்டுக் கடைக்காரருக்கும், மேளகாரருக்கும் எந்தப் புத்தகத்திற் பெயர் இருந்தது?

எங்கள் அயலில் ஒரு நாதசுர வித்துவான் இருந்தார். தஞ்சைப் பக்கத்தவர். முதலில் திருவிழாக் காலங்களில் மட்டும் வந்து போய், பின்னர் மனைவியோடு இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும், எல்லாம் ஆங்கிலம். கல்லூரியிற் படித்துக்கொண்டிருந்த என்னை மாலையில் அழைத்து, "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்று ஒவ்வொன்றாய் எடுத்துத் தருவார். பெரும்பாலும் புதிதாய் ஒன்றும் இராது. மனு பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே வாசகந்தான். ஆயினும் அவர் அதைப் பழைய கீர்த்தனையைக் கேட்பதுபோல் முழுவதும் கேட்பார். அவருடைய தாயார் ஊரில் இறந்தபோது தந்தி வந்தது. அவர் போகவில்லை. தலைமன்னாரில் ஏறினால் மறுநாள் வீடு சேரலாம். திரும்பும்போது இறங்க விடுவார்களா என்பதே கேள்வி. "போனா இருக்கிறதும் போயிடும் தம்பி" என்றார். பன்னிரண்டு மாத விதி எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதை நம்பி அவரைக் கப்பலேற்றும் துணிவு ஒரு மாணவனுக்கு வந்திராது. கீரிமலைக் கேணியில் மூழ்கி, இக்கரையில் நின்றபடியே தாய்க்கு நீர் விட்டார்.

அவருடைய மனு ஈற்றில் மறுக்கப்பட்டது. 1946க்கு முந்திய ஏழாண்டில் அவர் திருவிழாவுக்கு வந்து திருவிழாவுக்குப் போனவர். தொடர்ந்து இருந்ததற்குச் சான்று இல்லை. சட்டப்படி அது பிழையான முடிவு என்று இன்றும் என்னால் வாதிட முடியாது. அதன்பின் அவர் 'டீ. ஆர். பீ.' என்று ஊரார் சொல்லிய தற்காலிக வதிவிட அனுமதியில் சில காலம் இருந்தார். தவணை முடியுமுன் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கக் கோயிலின் கடிதம் வேண்டும், கடிதத்துக்கு நல்ல முகம் வேண்டும். கலைஞனொருவனின் வாசிப்பிலே பணிவு மிகுந்து வருவதற்குக் காரணம் இசை இலக்கணத்தில் மட்டும் இருப்பதில்லை. ஒருநாள் குடும்பத்தோடு போய்விட்டார்.

இவ்விடயத்தில் எங்கள் தொகுதிக்கு ஒரு தனிப் பங்குண்டு. கீரிமலை அடங்கிய காங்கேசன்துறைத் தொகுதி 1947இல் தேர்ந்தெடுத்தவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். மலையகத் தமிழரின் பிரசாவுரிமை பறிபோன வேளையில், தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்திற் சேர்ந்தார். அதனை ஏற்காது பிரிந்தவர்கள் 1949 டிசம்பர் 18ஆந் திகதி தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கு நேரும் என்பது செல்வநாயகத்தின் எச்சரிக்கை. எங்கள் வாக்காளர் 1952இல் அவரைத் தோற்கடித்தார்கள். அத்தேர்தலில் மலையகத்தார் பிரச்சினை மட்டுமே தீர்ப்புக்கு நின்றதென்று சொல்வது மிகையாகும். ஆனால் அது எங்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை என்பதைச் சொல்லலாம்.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையைப் பற்றி எழுதுவோர் தொகைகளைத் தவறாமற் சொல்வர்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். அவ்வெச்சம் 1974இல் பாதிபாதியாகப் பங்கிடப்பட்டது. உடன்படிக்கையின் சிறிய வாசகங்களை அதிகம் பேர் படிப்பதில்லை. காத்திருக்கும் காலத்தைப் பற்றிய வாசகங்கள் அவை. இந்தியாவுக்குப் போக வேண்டியவர்களுக்குப் போகும்வரை கட்டணமின்றி விசா. தொழிலில் இருப்பவர் போகும் நாள்வரை, அல்லது ஐம்பத்தைந்து வயதுவரை, எது முந்துகிறதோ அதுவரை தொழிலில் நீடிக்கலாம். ஒரு குடும்பம் கொண்டு செல்லக்கூடிய சொத்தின் உச்ச வரம்பை நாலாயிரம் ரூபாவுக்குக் கீழே குறைக்கலாகாது. இடைக்காலத்தில் மனிதன் உண்ணவும் உழைக்கவும் வேண்டும் என்பதை நினைத்து எழுதிய கை ஒன்று அங்கே இருந்திருக்கிறது. இதனை நான் குறைத்து மதிக்கமாட்டேன். இடைக்காலம் பதினைந்தாண்டு என்று அவர்கள் கணித்ததுதான் நிலைக்கவில்லை.

கையெழுத்திட்டு இரண்டு மாதம் ஆகுமுன் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. 1981 ஒக்டோபரில் உடன்படிக்கையின் தவணை முடிந்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஏறக் கப்பலில்லாமல், இருக்க விசாவும் காலாவதியாகி, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தோட்டங்களிலேயே தங்கிவிட்டன. பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களுக்கு எந்த நாடும் இல்லை. 1986ஆம், 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஒரு பகுதியினரின் கணக்கைத் தீர்த்தன. ஈற்றில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவழியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரசைகளே என்றது. கடவுச்சீட்டு வைத்திருந்தவர் ஒரு பிரகடனத்தில் ஒப்பமிட்டாற் போதுமாயிற்று. நூற்றுத் தொண்ணூறாயிரம் பேருக்குச் சில நாட்களிற் காரியம் முடிந்தது என்று ஐக்கிய நாடுகள் அகதிகள் தூதரகம் கணக்குத் தந்தது. சில நாட்களில் முடியக்கூடிய காரியத்துக்கு ஐம்பத்தைந்து ஆண்டு சென்றது.

தோட்டங்களில் தங்கியவர் கதை இவ்வாறாயிற்று. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் மலையைவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள் 1983இன் பின்னர் மன்னார்க் கரைக்குத் தள்ளப்பட்டனர். அங்கிருந்து எது கிடைத்ததோ அதில் ஏறினார்கள். 1990 யூன் மாதத்தில் எங்கள் முறையும் வந்தது. போர் வலிகாம வடக்கைக் காலி செய்தது. நகுலேசுவரத்திற் குண்டு விழுந்தது. கீரிமலையார் சிலர் மல்லாகம், கோணாப்புலம் என்று குடாநாட்டுக்குள்ளே ஒதுங்கினர். சிலர் இரவில் வள்ளம் ஏறினர். வள்ளத்துக்கு யார் அனுமதி கொடுத்தார்? யாருமில்லை. முன்னோர் வாய்க்கு எளிதாய் வந்த அச்சொல் இப்போது திசை மாறி எங்கள்மேல் ஒட்டிக்கொண்டது.

இந்தியச் சட்டத்தின் கண்ணில், கடவுச்சீட்டும் விசாவும் இன்றி வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. குடியுரிமைக்கு மனுச் செய்ய அவருக்கு வழியில்லை. ஆதலால் மண்டபம் முதலாய முகாம்களில் வாழ்வோரின் நிலை மனுக் கொடுத்துக் காத்திருப்பதன்று. மனுக் கொடுக்கும் தகுதிக்காகக் காத்திருப்பது. பதிவும் பரிசோதனை நாளும் கொடுப்பனவும் அவர்களைத் தாங்கி நிற்கின்றன. 2021இல் தமிழ்நாட்டு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, வீடுகளும் கட்டப்பட்டன. பெயரும் வீடும் மாநில அரசின் கையில் உள்ளவை. குடியுரிமை மத்திய அரசின் கையில் உள்ளது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அயல் நாட்டாருக்கு வழி திறந்தபோது அம்மூன்றில் இலங்கை இருக்கவில்லை. அதே 2019 யூன் மாதத்தில், இந்திய வம்சாவழி அகதிகள் சிலர் தொடுத்த வழக்கில், அவர்களது விண்ணப்பங்களைப் பதினாறு வாரத்துக்குட் பரிசீலிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது. ஒரே தோட்டத்து லயத்திற் பிறந்த இரு சகோதரரை எண்ணிப் பாருங்கள். 1983இல் கப்பலில் முறைப்படி போனவன் இந்தியப் பிரசை. 1990இல் தோணியிற் போனவன் சட்டவிரோதக் குடியேறி. பாட்டன் பிறந்த ஊர் இருவருக்கும் ஒன்றே.

2025 மே மாதத்தில், தண்டனை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கிலே, உலகத்தார் யாவரையும் வரவேற்க இந்தியா ஒரு தர்மசாலை அல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஒரு கருத்துச் சொல்லப்பட்டது. அதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவை கீரிமலையின் பழைய மடங்கள். வந்தவர்க்கு நிழலும் நீரும் தந்தவை. ஆயினும் நாம் பெருமை பேசுமுன் நினைக்கவேண்டியதொன்று உண்டு. எந்த ஊர் என்று கேளாதவர்கள் எந்தச் சாதி என்று கேட்டார்கள். கேணியிலும் கேட்டார்கள், 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிற் கேட்டது உலகறியும்.

தூரதேசங்கள் வேறுவிதமாய் நடந்ததும் உண்டு. 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் மீட்டனர். அவர்களுக்கு ஓராண்டு தங்கவும் தொழில் செய்யவும் அமைச்சர் அனுமதி கொடுக்கப்பட்டது. முடிவு பின்னர் வரட்டும், அதுவரை உழைத்து உண்ணட்டும் என்பதே அதன் பொருள். அங்கும் கூக்குரல் எழாமலில்லை.

இக்கரைச் சட்டமும் ஓயவில்லை. 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டில் அகதியாயிருந்து முறைப்படி திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்திற் கைதானார். முன்னொரு காலத்தில் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போனது குற்றமாம். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கை அவ்வளவு நீளம். அதே ஆண்டு செப்டெம்பரில் இந்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. 2015 சனவரி 9ஆந் திகதிவரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு. குடியுரிமை பற்றி அதில் ஒரு வாசகமும் இல்லை.

என் சிற்றன்னையின் மகன் 1990இல் வள்ளம் ஏறியவன். இன்னும் முகாமிலேயே இருக்கிறான். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி கப்பல் தொடங்கிய செய்தியை நான் தொலைபேசியிற் சொன்னபோது அவன் முன்னரே அறிந்திருந்தான். அவனிடம் கடவுச்சீட்டு இல்லை. முகாமைவிட்டு நாட்டுக்குத் திரும்ப அனுமதி கிடைக்கும். அது போகமட்டும் தரும் அனுமதி, மறுபடி வர அன்று. அவனுடைய பிள்ளைகள் அங்கே பிறந்து, அங்கே படித்து, அங்கே மணம் செய்தவர்கள். சிற்றப்பாவின் பிதிர்க்கடன் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில் இக்கேணிக்கரையில் நடக்க வேண்டும். சென்ற முறையும் முதல் வாரத்திலேயே அழைத்துவிட்டான்.

"அண்ணை, இந்த முறையும் நீங்களே செய்துவிடுங்கோ. பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிட்டைச் சரியாச் சொல்லுங்கோ."

சரியாகச் சொன்னேன்.