பழைய தண்டர்பேர்ட், அவெஞ்சர் வாங்கப் போறீங்களா? வண்டிக்கு முன்னாடி ஆர்சி-யைப் பாருங்க!

உத்திரமேரூர் மாதிரி ஊர்ப்பக்கங்களில் பழைய பைக் பெரும்பாலும் தெரிஞ்சவங்க மூலமாகத்தான் கை மாறும். ஓட்டிப் பார்த்து, பணத்தை எண்ணிக் கொடுத்து, வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கிட்டு கிளம்பிடுவாங்க. பெயர் மாற்றம்? 'அப்புறம் பார்த்துக்கலாம்'. அந்த 'அப்புறம்'தான் ஆபத்து.

ஏன் பழைய க்ரூஸர்?

தாழ்வான சீட், காலை முன்னால் நீட்டி சாய்ந்து உட்காரும் வசதி. இதுதான் க்ரூஸர். ராயல் என்ஃபீல்டின் ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் தண்டர்பேர்ட் இப்போது புதுசாகக் கிடைக்காது. 2020 நவம்பரில் மீட்டியோர் 350 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. தண்டர்பேர்ட்தான் வேணும்னா செகண்ட் ஹேண்ட்தான் ஒரே வழி.

பெயர் மாற்றலைன்னா என்ன ஆகும்?

சட்டப்படி ஆர்சி-யில் யார் பெயர் இருக்கோ அவர்தான் உரிமையாளர். ஒரு கார் பல பேர் கை மாறிய பிறகு விபத்தில் சிக்கியது. ஆர்சி-யில் இருந்ததோ முதலில் விற்றவரின் பெயர். இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு அவருக்குத்தான் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாங்கினவருக்கும் சிக்கல் உண்டு. பாலிசி பழைய பெயரில் இருந்தால், வண்டி சேதத்துக்கு நீங்க கேட்கும் க்ளைம் நிராகரிக்கப்படலாம். பழைய ஓனர் இறந்துவிட்டால் வாரிசுகளைத் தேடி அலையணும்.

என்ன செய்யணும்?

* எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் விவரம், இன்சூரன்ஸ், கடன் பாக்கி பாருங்க. இ-சலான் அபராதம் நிலுவையில் இருக்கான்னும் பாருங்க.
* படிவம் 29, 30-ல் எல்லா விவரமும் நிரப்பிய பிறகே கையெழுத்து போடணும். லோன் வண்டின்னா படிவம் 35-ம் பேங்க் என்ஓசி-யும் கட்டாயம். வெளி மாநில வண்டின்னா ஆர்டிஓ தரும் என்ஓசி வேணும்.
* மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள், வாங்கினவர் 30 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்கணும். இன்சூரன்ஸை உங்க பெயருக்கு மாற்ற 14 நாள்தான் அவகாசம்.
* பதிவு 15 வருஷம்தான் செல்லும். 2010 மாடல் வண்டி மலிவாகக் கிடைச்சா, பதிவைப் புதுப்பிச்சிருக்காங்களான்னு கேளுங்க.

வண்டியில் என்ன பார்க்கணும்?

* இன்ஜின், சேஸிஸ் நம்பர் ஆர்சி-யோடு ஒத்துப்போகணும். நம்பரைத் தேய்ச்ச தடயம் இருந்தா அந்த வண்டியே வேண்டாம்.
* நீங்க போகும்போது இன்ஜின் ஆறியிருக்கணும். முன்கூட்டியே சூடாக்கி வெச்சிருந்தா, ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது.
* முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு, டேங்க் உள்ளே துரு, இன்ஜின் அடியில் ஸ்பீட் பிரேக்கர் உரசிய காயம் இருக்கான்னு பாருங்க.
* 125 சிசி-க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் முழுமையாகக் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதுக்கு முந்தைய வண்டியில் அது இல்லாமல் இருக்கலாம்.

எல்லாம் சரியா? அப்படின்னா மொத்தப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்துடாதீங்க. பெயர் மாறி ஆர்சி கைக்கு வரும் வரை ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க. விற்கிறவரும் பெயர் மாறிடுச்சான்னு செயலியில் ஒரு தடவை சரிபார்த்துக்கணும்.