ராஜிந்தர் கோயலும் நடுகல் மரபும்

இறந்தவரை எப்படி நினைவில் வைப்பது என்பதற்குத் தமிழர்கள் ஒரு முறை வகுத்திருந்தார்கள். ஆநிரைச் சண்டையிலோ, ஊரைக் காத்த சண்டையிலோ ஒருவன் விழுந்தால் அவன் பெயரைக் கல்லில் வெட்டி நட்டார்கள். அதுவே நடுகல். கல்லைக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்லுகிறது.

இந்தக் கற்களில் பெரும்பாலானவை அரசர்களுக்கு உரியவை அல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழிக் கல் ஒன்று, கூடலூர் ஆநிரைச் சண்டையில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுடையது. அவனைப் பற்றி அதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், கள்ளர்களைக் கடித்து எஜமானனுக்குக் காவல் நின்ற நாய்க்குக்கூடக் கல்லில் இடம் கிடைத்திருக்கிறது. அதன் பெயர் கோவிவன். செங்கம் வட்டாரக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாகவே வெளியிட்டது. படித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். எந்த அரசன் காலம், எந்த ஊர், யார், என்ன செய்தான் என்ற நாலு செய்திதான் பொதுவாக இருக்கும். "இவன் படைத்தலைவன் ஆகியிருக்க வேண்டியவன், பாவம், ஆகவில்லை" என்று எழுதிய நடுகல்லை நான் கண்டதில்லை.

இதை ஒரு கிரிக்கெட்காரரை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மலரில் விளையாட்டுக் கட்டுரையா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். விஷயம் விளையாட்டோடு நிற்கவில்லை.

கோயல் யார்?

ராஜிந்தர் கோயல் இன்றைய ஹரியானாவின் நர்வானாவில் 1942 செப்டம்பர் 20-இல் பிறந்தவர். இடது கைச் சுழற்பந்து வீச்சாளர். பதினாறு வயதில், 1958-59-இல் ரஞ்சிக் கோப்பையில் இறங்கியவர் 1984-85 வரை ஓயவில்லை. இருபத்தேழு பருவங்கள். தென் பஞ்சாப், தில்லி, கடைசியாக ஹரியானா என்று அணி மாறிக்கொண்டே இருந்தார். எந்த அணிக்குப் போனாலும் வேலை ஒன்றுதான்: காலையில் பந்தை வாங்கினால் மாலை வரை போடுவது.

கணக்கைப் பாருங்கள். முதல்தர ஆட்டங்கள் 157, விக்கெட்டுகள் 750. ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்து. ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த விலை சராசரி 18.58 ரன். ரஞ்சிக் கோப்பையில் மட்டும் 637 விக்கெட். இன்றளவும் அதுதான் சாதனை. இரண்டாம் இடம் நம்ம சென்னை வெங்கட்ராகவனுக்கு, 530. இடைவெளி நூற்றுக்கு மேல்! வியாபாரி பாஷையில் சொன்னால் இரண்டாவது கடைக்காரர் பக்கத்துத் தெருவில்கூட இல்லை.

ஆனால் இந்தியாவுக்காக அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் எத்தனை? ஒன்றுகூட இல்லை. 1964-65-இல் இலங்கை அணியோடு நடந்த அதிகாரபூர்வமற்ற டெஸ்ட் ஒன்றில் ஆடினார். அவ்வளவுதாங்க.

இடம் ஒன்று, ஆள் இருவர்

ஏன் இப்படி? இன்றைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். இடது கைச் சுழல் என்பது வலது கை ஆட்டக்காரரை விட்டு வெளிப்பக்கம் திரும்பும் பந்து. ஓர் அணியில் அந்த வகைக்குப் பெரும்பாலும் ஓர் இடம்தான். 1966 கடைசியில் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தவர் பிஷன் சிங் பேடி. 67 டெஸ்ட், 266 விக்கெட். 1979 வரை அவர் அசையவில்லை. மற்ற சுழல் இடங்களில் பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன். நாலு பேரும் நாலு மலை.

பேடி பந்தை உயரே மிதக்கவிட்டு ஆசை காட்டுவார். கோயல் பந்து தாழ்வாக, சற்று வேகமாக வரும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும். முன்னவர் வலை விரிப்பவர், பின்னவர் கதவைச் சாத்துபவர். இருவரும் சில ஆண்டுகள் ஒரே தில்லி அணிக்கும் ஆடினார்கள். முதல்தர ஆட்டச் சராசரியில் பேடிக்கு 21.69. அதனால் கோயல்தான் பெரியவர் என்று சொல்லிவிட முடியாது. பேடியின் கணக்கில் உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு தராசிலும் எடைக்கல் வேறு.

ஒரே ஒரு முறை கதவு திறந்தது. 1974 நவம்பர், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் பெங்களூர் டெஸ்ட். ஒழுங்கு நடவடிக்கை என்று பேடியை நிறுத்திவைத்தார்கள். கோயல் அழைக்கப்பட்டார், பெங்களூருக்கும் போனார். ஆட்டத்தன்று மற்ற மூன்று சுழற்பந்து வீச்சாளர்களும் இறங்க, இவர் வெளியே உட்கார்ந்தார். அடுத்த மாதம் தில்லி டெஸ்டுக்குப் பேடி திரும்பிவிட்டார். கதவும் மூடிக்கொண்டது. பேடி ஓய்ந்தபோது கோயலுக்கு வயது 36. இடம் திலீப் தோஷிக்குப் போயிற்று.

2017-இல் கிரிக்கெட் வாரியம் கோயலுக்கு சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. விழா நடந்த ஊர் அதே பெங்களூர். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து அந்த ஊரில் அவர் பெயரை மேடையில் சொன்னார்கள்.

மோதி பாக் பெரியவர்கள் சொன்னது

2020 ஜூன் 21-இல் ரோத்தக்கில் கோயல் காலமானார். வயது 77. கொரோனா காலம். நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசவும் வழியில்லை. எங்கள் மோதி பாக் பகுதியில் பழைய குவார்ட்டர்ஸ் நாளிலிருந்து இருக்கும் தமிழர் சிலர் ஃபிரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் அவரைப் பார்த்தவர்கள். ரஞ்சி ஆட்டத்துக்குக் கூட்டம் வராது. அரை நாள் லீவு போட்டுவிட்டு, வெயிலுக்குக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு போய் உட்காருகிறவர்கள். கோட்லாவில் இப்போது அரங்கத்துக்கு அருண் ஜெட்லி பெயர். இவர்கள் வாயில் இன்னும் கோட்லாதான்.

சாவுச் செய்தி வந்த வாரம் போனில் பேசிக்கொண்டோம். ஒருவர், "மணிக்கணக்கா போடுவார் சார், கை வலிக்குதுன்னு மூஞ்சில தெரியாது" என்றார். இன்னொருவர், "பெங்களூர் டெஸ்ட்ல ஆடினாரே, ரெண்டு விக்கெட் எடுத்தாரே" என்று அடித்துச் சொன்னார். ஆட்டக் குறிப்பில் அப்படி இல்லை. அன்பு மிகுந்தால் ஞாபகம் இல்லாததையும் கொடுத்துவிடுகிறது. மூன்றாமவர் எல்.டி.சி.யாகச் சேர்ந்து செக்ஷன் ஆபீசரோடு நின்றுபோன ஒருவரின் மகன். அவர் சொன்னது இது: "எங்கப்பாவைப் பத்தி வீட்ல பேசினா, அண்டர் செக்ரட்டரி ஆகியிருக்கணும், ஆகலைங்கிறதுல ஆரம்பிச்சு அங்கேயே முடிஞ்சிடும். முப்பத்தாறு வருஷம் அவர் போட்ட நோட்டு ஒண்ணுகூட யாருக்கும் ஞாபகம் இல்லை. கோயலுக்கும் அப்படித்தான் பண்றாங்க."

இந்தப் பேச்சு என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. அந்த வாரம் வந்த இரங்கல்களில் பெரும்பாலும் முதல் வரி, "இந்தியாவுக்கு ஆட வாய்ப்பே கிடைக்காத" என்று தொடங்கியது. பொய்யில்லை, உண்மைதான். ஆனால் ஒரு மனிதர் இருபத்தேழு பருவம் செய்த வேலை பின்னால் போய், செய்யாத ஒன்று முன்னால் வந்து நிற்கிறது. பேரேட்டில் வரவை எழுதாமல் வராத பாக்கியை மட்டும் எழுதுகிற கணக்குப்பிள்ளையை எந்தக் கடையில் வைத்துக்கொள்வார்கள்?

ரசிகர் நினைவுக்கு ஒரு பலம் உண்டு. வாரியமும் பத்திரிகையும் உச்சியைப் பார்க்கும், ரசிகர் பக்கத்தைப் பார்ப்பார். ஒரு பலவீனமும் உண்டு. இரக்கத்தில் சறுக்கிவிடும். சுனில் கவாஸ்கர் 1983-இல் வெளியிட்ட 'ஐடல்ஸ்' நூலில் தாம் மதித்த ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதினார். உலகப் புகழ் பெற்றவர்களோடு கோயலையும், பம்பாயின் பத்மாகர் ஷிவால்கரையும் அந்த வரிசையில் சேர்த்தார். இருவரும் டெஸ்ட் ஆடாதவர்கள். எதிரே மட்டை பிடித்து நின்றவனுக்குத் தெரியும், யார் பந்து கடினம் என்று.

தோற்கடித்தவரையும் நினைப்பது

ஷிவால்கரைத் தமிழ்நாட்டுக்காரர் யாரும் மறக்க முடியாது. 1972-73 ரஞ்சி இறுதி ஆட்டம், சேப்பாக்கம். திரும்புகிற ஆடுகளம். பம்பாய் 151, 113. தமிழ்நாடு 80, 61. ஷிவால்கர் 16 ரன்னுக்கு 8 விக்கெட், அடுத்து 18 ரன்னுக்கு 5 விக்கெட். நம்ம ஊரிலேயே வந்து நம்மைச் சுருட்டிவிட்டுப் போனார். 2025 மார்ச் 3-இல் அவர் 84 வயதில் மறைந்தபோது அந்த ஆட்டத்தைச் சொல்லித்தான் சென்னைக்காரர்கள் வருந்தினார்கள். இது நல்ல நினைவு. என்ன செய்தார் என்பது அதில் இருக்கிறது.

நம்ம பக்கமும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. வி.வி. குமார் 1961 பிப்ரவரியில் இதே தில்லிக் கோட்லாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட். அதன் பிறகு இன்னும் ஒரே ஒரு டெஸ்ட். முதல்தர ஆட்டங்களில் எடுத்தது 599 விக்கெட்.

அவருக்கும் முன்னால் ஏ.ஜி. ராம் சிங். மதராஸில் வாழ்ந்த சீக்கியர். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், மைசூருக்கு எதிராக ஒரே நாளில் 11 விக்கெட் சாய்த்தார். ஆட்டமும் அன்றே முடிந்தது. அவருக்கும் அதிகாரபூர்வ டெஸ்ட் கிடைக்கவில்லை. மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினார்கள். தில்லிக்கு வந்து 'மதராஸி' ஆன நாம், மதராஸுக்குப் போய் அந்த ஊர்க்காரராகிவிட்ட அந்த சர்தார்ஜியை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூலிக்கு உழைக்கும் கைவினைஞர்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் பிரபலம். அங்கே இருக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். அணி அணியாக மாறிக் காலம் தள்ளுகிற பந்து வீச்சாளரை அவர்கள் 'ஜர்னிமேன்' என்பார்கள். ஊர் சுற்றுகிறவர் என்று பொருள் கொள்ளத் தோன்றும். அப்படியல்ல. பிரெஞ்சு மொழியில் 'நாள்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. தொழில் கற்று முடித்து, சொந்தப் பட்டறை இல்லாமல், நாள் கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞர் என்பதே பழைய பொருள். கற்றுக்குட்டி அல்ல, முதலாளியும் அல்ல, தொழில் தெரிந்தவர். அப்படி ஒருவர் இறந்தால் அங்குள்ள ரசிகர்களும், எந்த அணிக்கு எந்த ஆண்டு ஆடினார், எந்த மாலை எந்த ஆட்டத்தைக் காப்பாற்றினார் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

கோயலுக்கு இந்தச் சொல் பொருந்தும். ஆட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். ஊர், நாள், பெயர், செய்தது. நடுகல்லில் உள்ள அதே நாலு செய்தி! போரில் மாண்டவனுக்கு நட்ட கல்லும், 77 வயது வாழ்ந்து மறைந்தவரின் கணக்கும் ஒன்றாகிவிடாது. ஆனால் நினைக்கும் முறை ஒன்றுதான். செய்ததை முதலில் சொல்வது.

நாம் செய்யக்கூடியது

மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், கரோல் பாக் என்று தில்லியில் வேரூன்றிய நம் குடும்பங்களில் முதல் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. பழைய குவார்ட்டர்ஸ் பல இடிக்கப்பட்டுவிட்டன. கதவில் எழுதியிருந்த பெயர்களும் போயின. குமாஸ்தாக்கள், ஸ்டெனோக்கள், பள்ளி ஆசிரியைகள், கடை வைத்தவர்கள். இவர்களில் பலருக்கு மேல் பதவி கிடைக்கவில்லை. வீட்டில் அந்த மனக்குறைதான் கதையாகச் சொல்லப்படுகிறது.

என் யோசனை எளிது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எந்த ஊரில் பிறந்தார், எந்த ஆண்டு வண்டி ஏறி வந்தார், எங்கே வேலை பார்த்தார், என்ன செய்தார். எத்தனை பேருக்கு வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தார், ஊரிலிருந்து வந்த எத்தனை பேரைத் தன் வீட்டு வராந்தாவில் தங்க வைத்தார் என்பதெல்லாம் 'செய்தது' பகுதியில் வரட்டும். ஆண்டும் எண்ணும் தப்பில்லாமல் இருக்கட்டும். ஞாபகத்தை நம்பாமல் பழைய கடிதங்களையும் சர்வீஸ் புத்தகத்தையும் பார்த்து எழுதுங்கள். கிடைக்காமல் போனதை எழுத வேண்டுமென்றால் கடைசியில் ஒரு வரி போதும்.

கோயலுக்கு அந்த முறையில் எழுதினால் இப்படி இருக்கும்: நர்வானாவில் பிறந்த ராஜிந்தர் கோயல், 1958-59 முதல் 1984-85 வரை பல அணிகளுக்குப் பந்து வீசி, 157 ஆட்டங்களில் 750 விக்கெட் எடுத்தார். டெஸ்ட் ஆடவில்லை.

அந்தக் கடைசி இரண்டு சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது கடைசியில் இருக்கட்டும் என்கிறேன்.