சலவை யந்திரமும் கிலோக் கணக்கும்

சலவை யந்திரம் வாங்குவதற்காகக் கடைக்குள் நுழையும் குடும்பஸ்தரை விற்பனையாளர் கேட்கும் முதற் கேள்வி, "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்பதாகவே இருக்கும், இருவர் என்றால் 6 கிலோ, நால்வர் என்றால் 7 கிலோ, அதற்கு மேற்பட்டால் 8 அல்லது 9 என்று சற்றும் தயங்காமல் விடையும் பிறந்துவிடும். இந்தக் கணக்கில் உண்மை அடியோடு இல்லை என்று சொல்வதற்கில்லை, ஆயினும், "எத்தனை நாளைக்கு ஒரு முறை துவைப்பீர்கள்?" என்ற இன்னொரு கேள்வியையும் அதனோடு சேர்த்துக் கேளாவிட்டால், அது பாதிக் கணக்காகவே நின்றுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

யந்திரத்தின் மீது 7 கிலோ என்று ஒட்டியிருப்பது, நனையாத, உலர்ந்த பருத்தித் துணியின் எடையைக் குறிக்கும். தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போன துணியின் எடையென்று அதைக் கருதி, பாதித் துணியைப் போட்டதுமே அஞ்சிக் கதவைச் சாத்திவிடுகிறவர்களும் உண்டு. உலர்ந்த நிலையில் ஒரு பருத்திச் சட்டை சுமார் 200 கிராம் இருக்கும். நூல் சேலை அரைக் கிலோவை ஒட்டி நிற்கும். ஜீன்ஸ் கால்சட்டை 600, 700 கிராம் வரை போகும். தடித்த குளியல் துண்டு ஒன்றே அரைக் கிலோவுக்கு வந்துவிடும். இருவர் படுக்கும் கட்டிலின் விரிப்போ முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை. இவற்றைக் கூட்டிப் பார்த்தால், நால்வர் வசிக்கும் இல்லத்தில் ஒரு நாளைக்குச் சேரும் அழுக்குத் துணி உத்தேசமாக இரண்டரை அல்லது மூன்று கிலோ தேறும். ஆகவே நாள்தோறும் துவைத்துவிடும் வழக்கமுள்ள நால்வர் குடும்பத்திற்கு 6 கிலோ யந்திரமே தாராளம். இருவரும் உத்தியோகத்திற்குப் போய், வாரம் முழுவதும் குவித்துவைத்து ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் துவைக்கின்ற தம்பதிகளின் கூடையிலோ 9 கிலோ சேர்ந்துவிடுகிறது. தலையை எண்ணி விற்கிறவர் இந்தத் தம்பதிகளுக்குச் சிறியதையும் அந்த நால்வருக்குப் பெரியதையும் கொடுத்தனுப்பிவிடுவார். வெள்ளையையும் சாயத் துணியையும் பிரித்து இரண்டு தடவையாகப் போடும் வழக்கம் இருக்குமானால், தம்பதிகளுக்கும் 7 கிலோ போதும்.

அச்சிட்ட கிலோவை நம்பி டிரம்மை நெருக்கி அடைத்துவிடலாமா என்பதை அறிய, யந்திரம் துவைக்கும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். முன்பக்கம் கதவுள்ள ஃப்ரண்ட் லோடு யந்திரத்தில், டிரம்மின் உட்சுவரில் மேடுகள் எழும்பியிருக்கின்றன; அவை துணியை வாரி மேலே கொண்டுபோக, உச்சியை அணுகியதும் துணி தன் பாரத்தாலேயே கீழுள்ள சோப்பு நீரில் வந்து விழுகிறது. துவைகல்லில் துணியை ஓங்கி அறைகிற காரியத்தையே, கல்லும் கையும் இல்லாமல் இந்த வீழ்ச்சி செய்துமுடிக்கிறது. இதன் பொருட்டே, துவைக்கும்போது டிரம் நிமிஷத்திற்கு 50 சுற்று என்ற அளவில் நிதானமாகச் சுழல்கிறது. ஆரம் 24 சென்டிமீட்டர் உள்ள டிரம்மானால், 60 சுற்றைச் சற்றுத் தாண்டியதும் துணி விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டுவிடும். பிழியும் கட்டத்தில் வேண்டுவதோ அந்த ஒட்டுதலே: 1200 சுற்றில், அதே டிரம்மின் சுவரை அணைந்த துணி, புவியீர்ப்பைக் காட்டிலும் சுமார் 380 மடங்கு விசைக்கு உட்பட்டு, தன்னிடமுள்ள நீரைத் துளைகளின் வழியே இழந்துவிடுகிறது.

விழுவதற்கு வெற்றிடமே இல்லாதபடி துணியைத் திணித்துவிட்டால், அது ஒரே மூட்டையாய்ச் சுழன்று, அழுக்கும் போகாமல், சோப்புத்தூளும் மடிப்புகளில் வெண்பொடியாகத் தங்கி வெளியே வரும். துணிக்கு மேல், உள்ளங்கையை நிமிர்த்தி நுழைக்கத்தக்க இடைவெளி இருக்க வேண்டும் என்பது நல்ல பிரமாணம். மேலும், 7 கிலோ என்பது பருத்திக்கு மட்டுமே உரிய உச்ச வரம்பு. செயற்கை நூல் துணிகளுக்கான ஓட்டத்தில் அது ஏறக்குறைய பாதியாகவும், கம்பளிக்கு 2 கிலோ அளவாகவும் சுருங்கிவிடும். இந்த விவரம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டைத்தான் யாரும் பிரிப்பதில்லை.

அப்படியானால் பெரியதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் பெரிய டிரம்மில் ஒற்றை விரிப்பையோ இரண்டு துண்டுகளையோ போட்டால், அவை ஒரு பக்கமாகத் திரண்டு, பிழியும் வேகத்தில் யந்திரத்தையே உலுக்கத் தொடங்கும். 1937-ல் அமெரிக்காவில் வெளிவந்த பெண்டிக்ஸ் தானியங்கி யந்திரத்தை, இந்த அதிர்ச்சிக்கு அஞ்சியே தரையோடு போல்ட் போட்டு முடுக்கவேண்டியிருந்தது. இக்காலத்து யந்திரங்கள் உள்ளே கான்கிரீட் கட்டிகளைச் சுமந்து நிற்பதும் அதே காரணத்தால்தான். அவையுங்கூடப் பாரம் சமமாகாதபோது, துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பிழியாமலேயே நின்றுவிடுவதுண்டு. குறைந்த துணிக்கு நீரைத் தானே குறைத்துக்கொள்ளும் யந்திரமும், துணி பாதியானால் நீரைச் சரிபாதியாக்கிவிடுவதில்லை. லாரித் தண்ணீரை நம்பி வாழும் நகரவாசி இதை யோசிக்க வேண்டும்.

மேலிருந்து துணி போடும் டாப் லோடு யந்திரத்தில், துணி நீரில் நீந்த வேண்டியிருப்பதால் தண்ணீர் அதிகம் செலவாகும். செமி ஆட்டோமேட்டிக் யந்திரத்தில் குறித்திருக்கும் கிலோ, துவைக்கும் தொட்டிக்கே உரியது. பக்கத்திலுள்ள பிழியும் தொட்டி அதைவிடச் சிறிது. எனவே துவைத்ததை இரண்டு தவணையாகப் பிழிய நேரிடும்.

கனத்த ரஜாய்கள் எடையைவிடப் பருமனால் இடத்தை அடைப்பவை. அவற்றை மாதந்தோறும் வீட்டிலேயே துவைப்பவர் 8 கிலோவுக்குக் குறைந்ததை வாங்கலாகாது. வருஷத்தில் ஓரிரு முறை மட்டும் துவைப்பவரும், தீபாவளிக்கு வரும் உறவினரை எண்ணுபவரும் அதற்காகப் பெரிய யந்திரம் வாங்குவது அநாவசியம் என்பேன். அந்த நாட்களில் சலவைக்காரரிடம் கொடுத்துவிடலாம், அல்லது இன்னொரு தடவை யந்திரத்தை ஓட்டலாம். உண்மையில் கிலோவை நிர்ணயிக்க எளிய வழி ஒன்று உண்டு: துவைக்கும் நாளன்று சேர்ந்த உலர்ந்த துணியை மூட்டையாகக் கட்டி, அதைச் சுமந்தபடி எடை பார்க்கும் கருவியில் ஏறி, பின் வெறுங்கையோடு ஏறி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக்கொள்ளலாம். ஃப்ரண்ட் லோடு யந்திரங்கள் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலமே உள்ளவை. கிலோ ஏற ஏற அவற்றின் ஆழமே பெரும்பாலும் கூடும் என்பதால், பின்புறக் குழாய்க்கு ஒரு சாண் விட்டு, பால்கனியையும் அதற்குப் போகும் வாசற்படியையும் அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.